சரி என்றே சொல்லிப் பழகியவர்கள்

கொடுப்பது நல்ல குணம். மறுக்கத் தெரியாமல் கொடுப்பது வேறு விஷயம். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் கவுன்சலிங்கின் முதல் வேலை.

லக்னோவைப் பற்றி வட இந்தியாவில் ஒரு பழைய ஜோக் உண்டு. இரண்டு நவாபுகள் ரயில் ஏற வருகிறார்கள். 'பெஹ்லே ஆப்' (முதலில் நீங்கள்) என்கிறார் ஒருவர். 'அதெப்படி, முதலில் நீங்கள்தான்' என்கிறார் மற்றவர். மரியாதை முடிவதற்குள் ரயில் கிளம்பிப் போய்விடுகிறது.

ஜோக்கில்தான் இரண்டு பேருக்கும் ரயில் தவறுகிறது. வீட்டிலும் ஆபீசிலும் அப்படி நடப்பதில்லை. ஒருவர் 'முதலில் நீங்கள்' என்பார். மற்றவர் தயங்காமல் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிடுவார். பிளாட்பாரத்தில் நிற்பவர் எப்போதும் ஒரே ஆள். நாளைக்கும் அவர்தான்.

அந்த ஆளை உங்களுக்குத் தெரியும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் மிஞ்சியதைச் சாப்பிடுகிற மருமகள். தங்கைகளின் கல்யாணம், தம்பியின் படிப்பு, ஊரில் வீட்டு ரிப்பேர் என்று மும்பைச் சம்பளத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, நாற்பது வயதைத் தாண்டியும் பேயிங் கெஸ்டாகவே இருக்கிற அண்ணன். ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி என்றதும் அதிகாரிக்கு முதலில் ஞாபகம் வருகிற கிளார்க். இவர்களைப் பற்றி ஊர் நல்லபடியாகத்தான் பேசுகிறது. 'தங்கமான மனுஷி. முடியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.' இந்தப் பாராட்டின் இரண்டாவது வாக்கியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சொன்னதில்லையா, சொல்ல முடிந்ததில்லையா?

தனக்கு மறுக்கத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் கவுன்சலரிடம் போவதில்லை. டாக்டரிடம்தான் போகிறார்கள். தலைவலி, தூக்கமின்மை, முதுகுவலி, ஓயாத அசதி. ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தாகிவிடும். பெரிதாக எதுவும் இருக்காது. நம் நாட்டில் மனக்கஷ்டம் பெரும்பாலும் உடம்பின் மொழியில்தான் பேசும் என்பது மனநல மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 'மனசு சரியில்லை' என்று சொன்னால் யாரும் சமையலறையைவிட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள். 'தலை வலிக்கிறது' என்றால் அரை மணி நேரம் படுக்க அனுமதி கிடைக்கும்.

கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் வலிக்குக் கீழே இன்னொன்று வெளிவரும். கோபம். கணக்குப் பார்க்காமல் செய்வதாகத்தான் இவர்கள் சொல்வார்கள். ஆனால் எந்த வருஷம், யார் கல்யாணத்துக்கு, எந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்பது தேதியோடு மனதில் இருக்கும். வெளியே காட்ட முடியாத கணக்கு உள்ளே வட்டியோடு வளர்கிறது. என்றாவது ஒரு நாள் உப்புப் பெறாத காரியத்துக்கு, பெரும்பாலும் பதில் பேசாத குழந்தையின் மீது, அது வெடிக்கும். பிறகு குற்ற உணர்வு. அதற்குப் பரிகாரமாக இன்னும் கொஞ்சம் சேவை.

இதைத் தனி மனித பலவீனம் என்று ஒதுக்கிவிட முடியாது. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் எடுத்த முதல் கணக்கில் இது 299-ம் 97-மாக இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெண்களுக்கு 10 நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. அதை ஆண்கள் எடுத்துக்கொண்டார்களோ என்று சந்தோஷப்பட வேண்டாம். அவர்களுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது.

தியாகத்தை நாம் திரையில் கொண்டாடுகிற விதத்தையும் பார்க்க வேண்டும். ரித்விக் கட்டக்கின் 'மேகே தாக்கா தாரா' 1960-ல் வந்தது. தேசப் பிரிவினையில் இடம்பெயர்ந்து கல்கத்தாவின் விளிம்பில் வாழும் குடும்பத்தின் மூத்த பெண் நீதா வேலைக்குப் போய் எல்லோரையும் காப்பாற்றுகிறாள். அவள் காதலன் தங்கைக்குக் கணவனாகிறான். அவளுக்குக் காசநோய் வருகிறது. ஷில்லாங் மலையில் சானடோரியத்தில் இருக்கும்போதுதான், தானும் வாழ ஆசைப்பட்டவள் என்பதை அண்ணனிடம் கதறிச் சொல்கிறாள். அதற்குமுன் ஒருமுறைகூட அவள் அதைக் கேட்டு வாங்கவில்லை. தமிழில் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' 1974-ல் வந்தது. குடும்பத்தைச் சுமக்கும் கவிதா கோபக்காரி, சுரீரென்று பேசுகிறவள். ஆனாலும் கடைசியில் தனக்கு வந்த மாப்பிள்ளையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஆபீசுக்குத்தான் போகிறாள். இந்தக் கதை தெலுங்கு, வங்காளம், இந்தி, கன்னடம் என்று வரிசையாகப் போனது. எந்த மொழியிலும் ரசிகர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கவிதா இருந்தாள். தியேட்டரில் அவளுக்காக அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து அவளிடமே காபி கேட்டோம்.

மறுக்க முடியாமை எங்கிருந்து வருகிறது? ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் கரென் ஹார்னி, 1945-ல் வெளியான தமது நூலில், பயத்தைச் சமாளிக்க மனிதர்கள் மூன்று வழிகளில் போகிறார்கள் என்றார். சிலர் மற்றவர்களோடு மோதுகிறார்கள். சிலர் விலகிப் போகிறார்கள். சிலர் நெருங்கிப் போய் இணங்கிவிடுகிறார்கள். மூன்றாவது வகையினருக்கு இணக்கம்தான் கவசம். எல்லோருக்கும் பிடித்தவராக இருந்துவிட்டால் யாரும் தம்மை நோகடிக்க மாட்டார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. குடிக்கிற தகப்பனின் முகம் பார்த்து வளர்ந்த குழந்தை, நோயாளித் தாய்க்குப் பத்து வயதிலேயே துணையாக நின்ற பெண், சண்டை போடும் பெற்றோருக்கு நடுவே தூது போன பையன் ஆகியோருக்கு இந்தக் கவசம் ஒரு காலத்தில் உண்மையாகவே பயன்பட்டிருக்கும். வளர்ந்த பிறகும் கழற்ற முடியாமல் போனதுதான் சிக்கல். மனச்சோர்வுக்கு ஆளான பெண்களிடம் பேசி அமெரிக்க உளவியலாளர் டானா ஜாக் 1991-ல் ஒரு புத்தகம் எழுதினார். உறவு முறிந்துவிடக் கூடாதே என்று தங்கள் குரலைத் தாங்களே அடக்கிக்கொண்டதைத்தான் அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இதற்காகக் கொடுப்பதே தவறு என்று ஆகிவிடாது. படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாருக்கு மனமொப்பிப் பணிவிடை செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அசதி இருக்கும், கசப்பு இருக்காது. எந்த வகை என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு காரியத்துக்குச் சரி என்று சொன்னதும் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுப் பாருங்கள். நான் முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா? சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்று பயந்தேன்? செய்தது யாருக்கும் தெரியாமலே போனாலும் இதைச் செய்வேனா? முதல் கேள்விக்கு 'முடியாது' என்பது உங்கள் வழக்கமான பதிலாக இருந்தால், நீங்கள் கொடுக்கவில்லை. உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நம்முடைய பேச்சில் இதற்கு இரண்டு பெட்டிகள்தான் கைக்கு எட்டுகின்றன. ஒன்றின் மேல் தியாகம் என்று எழுதியிருக்கிறது, மற்றொன்றின் மேல் சுயநலம். முதல் பெட்டியிலிருந்து வெளியே ஒரு கால் வைத்தால் இரண்டாவதில் விழுந்துவிடுவோம் என்ற பயம். ஆனால் பாட்டிமார்கள் அப்படிச் சொல்லவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்றார்கள். தருமமே வேண்டாம் என்பது அதற்குப் பொருளில்லை. முதலில் தன் பானையைப் பார் என்கிறது.

சரி, கவுன்சலரின் அறையில் என்ன நடக்கிறது? உபதேசம் நடப்பதில்லை. 'இனிமேல் தைரியமாக இருங்கள்' என்று சொல்லி அனுப்புகிறவர் நல்ல கவுன்சலர் இல்லை. பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் வேலை தொடங்குகிறது. ஒரு வாரத்துக்கு, எதற்கெல்லாம் சரி என்றீர்கள், அந்த நிமிடம் உடம்பில் என்ன ஆயிற்று (வயிற்றைப் பிசைந்ததா, தொண்டை அடைத்ததா), எதற்குப் பயந்தீர்கள் என்று எழுதிவரச் சொல்வார்கள். வாரக் கடைசியில் படித்துப் பார்க்கும்போது பலருக்கு அதிர்ச்சி. இருபது முறை சரி சொன்னதில் மனசோடு சொன்னது நாலோ ஐந்தோதான் இருக்கும்.

அடுத்தது தாமதம். இப்படிப்பட்டவர்களுக்குச் 'சரி' என்பது தும்மல் மாதிரி, யோசிப்பதற்குமுன் வந்துவிடும். அதனால் முதல் பயிற்சி மறுப்பது இல்லை, பதிலைத் தள்ளிப் போடுவது. 'யோசித்துச் சொல்கிறேன்' என்ற இரண்டு வார்த்தைகள். பிறகு சின்னச் சின்ன மறுப்புகள். தென்னாப்பிரிக்காவில் பிறந்த மருத்துவர் ஜோசப் வோல்பே 1958-ல் விளக்கிய முறை இதற்கு அடிப்படை. மனதில் உள்ளதை வெளிப்படையாகச் சொல்வதும் பதற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்காது என்றார் அவர். அதனால் பயம் குறைவான இடத்தில் ஆரம்பித்து ஏணிப்படி மாதிரி ஏற வேண்டும். காய்கறிக்காரர் கூடையில் போடும் சொத்தைக் கத்தரிக்காயை எடுத்துத் திருப்பிக் கொடுப்பது முதல் படி. மாமியாரிடம் பேசுவது கடைசிப் படிக்குப் பக்கத்தில் இருக்கலாம். அவசரமில்லை.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். டில்லியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. ஏப்ரல் வந்தால் ஊரிலிருந்து போன் வரும்.

'அண்ணி, மே மாசம் நாங்க ஆறு பேர் வர்றோம். காசி, ஹரித்வார், தாஜ்மகால் எல்லாம் பார்த்துட்டு பத்து நாள் உங்களோட இருப்போம்.'

'அதுக்கென்ன, தாராளமா வாங்க' என்பது பத்து வருடப் பழக்கம். போனை வைத்ததும் தலைவலி. இந்த வருடம் அவர் பயிற்சி எடுத்த பதில் வேறு. 'உங்க அண்ணன்கிட்டயும் பேசிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்றேன்.' ஞாயிற்றுக்கிழமை சொல்கிறார்: 'மூணு நாள் நம்ம வீட்டுல இருங்க, எனக்கும் சந்தோஷம். மத்த நாளுக்குப் பக்கத்துலயே கெஸ்ட் ஹவுஸ் பார்த்துத் தர்றோம். எனக்கு இந்த மே மாசம் லீவு கிடையாது.'

மறுமுனையில் ஒரு மௌனம். 'என்ன அண்ணி, நீங்களா இப்படிப் பேசறீங்க?'

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். காரணங்களை அடுக்குவார்கள். தண்ணீர் வருவதில்லை, பையனுக்குப் பரீட்சை, ஏ.சி. ரிப்பேர். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிர்த் தரப்பு ஒரு தீர்வு வைத்திருக்கும். 'தண்ணி நாங்க கீழே இருந்து தூக்கிட்டு வந்துடறோம் அண்ணி.' அமெரிக்க உளவியலாளர் மானுவல் ஸ்மித் 1975-ல் சொல்லிக்கொடுத்த உத்தி இந்த இடத்துக்கானது. கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே வாக்கியத்தைக் குரல் உயர்த்தாமல் திரும்பச் சொல்ல வேண்டும். 'வருத்தமாத்தான் இருக்கு. மூணு நாள் நம்ம வீடு, மத்த நாள் கெஸ்ட் ஹவுஸ்.'

இந்த உதாரணத்தில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. தங்கை ஏன் அண்ணனுக்குப் போன் செய்யாமல் அண்ணிக்குச் செய்கிறாள்? அண்ணன் 'பார்க்கலாம்' என்பார் என்று அவளுக்குத் தெரியும். நல்ல கவுன்சலர் கணவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து இதைக் கேட்பார். அடுத்த வருடம் அந்தப் போனைப் பேச வேண்டியவர் அவர்.

மறுத்த அன்று இரவு தூக்கம் வராது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது கவுன்சலிங்கில் முக்கியம். குற்ற உணர்வு வந்துவிட்டதால் குற்றம் செய்துவிட்டதாக அர்த்தமில்லை. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி, பழக்கமில்லாததால் வருவது. உடனே போன் செய்து 'சும்மா சொன்னேன், வந்துடுங்க' என்று சொல்லாமல் இரண்டு நாள் பொறுத்தால் தானாக இறங்கும். மற்றவர்களின் குரல் சில வாரங்களுக்கு உயரும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைத்தது நின்றுபோனால் யாரும் நன்றி சொல்லி அனுப்புவதில்லை.

இந்த உத்திகளை அப்படியே இறக்குமதி செய்துவிட முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. தனியாக வாழும் ஒருவர் மறுத்தால் ஒரு நண்பர் கோபித்துக்கொள்வார். கூட்டுக் குடும்பத்து மருமகள் மறுத்தால் அதன் விலை வேறு. அவளுக்குச் சொந்த வருமானம் இருக்கிறதா, பிறந்த வீடு ஆதரிக்குமா, கணவன் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் கேட்காமல் 'நோ சொல்லுங்கள்' என்பது, நீச்சல் தெரியாதவரை ஆற்றில் தள்ளுவதற்குச் சமம். அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் மறுப்புப் பயிற்சி ஆபத்து. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதற்கு 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பெண்களுக்கான 181 உதவி எண் இருக்கிறது.

மற்ற வீடுகளில் குடும்பத்தையே சிகிச்சையின் பங்காளியாக்கலாம். இது நமக்குப் புதிதில்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு நோயாளிகளோடு அவர்களுடைய குடும்பத்தாரையும் தங்க வைத்தார். நோயைப் புரிந்துகொண்ட குடும்பம் நோயாளியைக் கைவிடாமல் வீட்டுக்கு அழைத்துப் போனது. வேலூர் சி.எம்.சி. மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்கும் வழக்கம் வந்தது. குடும்பம் நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம் என்பதை இந்திய மனநல மருத்துவம் அப்போதே பயன்படுத்திக்கொண்டது. எல்லோருக்கும் செய்துவிட்டு ஓய்ந்துபோகிறவர் விஷயத்திலும் இதுவே வழி. அவரை மட்டும் மாற்றி அதே சமையலறைக்குத் திருப்பி அனுப்பினால் ஒரே மாதத்தில் பழைய கதைதான்.

செலவு, தூரம், 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்ற கூச்சம் ஆகியவற்றைத் தாண்ட முடியாதவர்களுக்குத் தொலைபேசி ஒரு தொடக்கம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்ற ஆரம்பித்தாலோ, அது மறுக்கத் தெரியாத பழக்கத்தைத் தாண்டிய நிலை. தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் செய்கிறவரிடம் 'உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பிடித்தது எது, கணவருக்குப் பிடித்தது எது என்றுதான் பதில் வரும். தனக்குப் பிடித்தது அவருக்கே மறந்துபோயிருக்கும். 'கேட்டேன், எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்' என்று நிம்மதியாக எழுந்து போய்விடாதீர்கள். மறுநாளும் கேளுங்கள். பதில் வர நாளாகும். இத்தனை வருடங்கள் அவர் காத்திருந்தார். இனிக் கொஞ்ச நாள் காத்திருப்பது உங்கள் முறை.